வாய் கீழே இருந்த மீன்

எங்கள் மாமா வாயைத் திறந்தால் பொய் என்பது வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட விஷயம். பெரிய மீனின் வாய்க்குள் புகுந்து பூச்சி பொறுக்கித் தின்னும் குட்டி மீன் ஒன்று உண்டு, பெரியது அதை விழுங்காமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் என்று அவர் சொன்னபோது அம்மா சிரித்தேவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு வேறு வழியில்லை.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக்கம்பி கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். முதலாளி அறையிலிருந்த கடல்மீன் தொட்டியும் அவர் பொறுப்பு. அதிலிருந்த களவா மீனுக்குச் செவுளில் பூச்சி பிடித்து, நான்கு நாளாக இரை எடுக்கவில்லை. "மீன் செத்துச்சுன்னா நீயும் வேலைக்கு வராத" என்று முதலாளி அப்பாவின் புது செல்போனில் சொல்லியிருந்தார்.

மாமா தான் வேலைபார்த்த வண்ணமீன் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. தொட்டியில் இரண்டு ஜாதி கலந்து கிடந்தது. இரண்டுக்கும் ஒரே நீலம், ஒரே கறுப்புக்கோடு.

"வாய் மூஞ்சி நுனில இருந்தா டாக்டரு. கீழ இருந்தா டூப்ளிகேட்டு, கட்ச்சி வச்சிடும். பாத்து புடி" என்று வலையை என்னிடம் கொடுத்துவிட்டு, பையில் தண்ணீர் பிடிக்கப் போனார். நல்ல மீன் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து போக்குக் காட்டியது. மற்றது தானாகவே வலைக்குள் வந்தது.

"பாத்தியாடி?"

"பாத்துட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, முதலாளி வராத நாள். அப்பா எங்களையும் கூட்டிப்போய், அதை முதலாளி அறைத் தொட்டியில் விட்டார். அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு போனது. களவா மெல்ல வந்து, செவுளை விரித்து, வாயைப் பிளந்து அசையாமல் நின்றது. அப்பா முகத்தில் நாலு நாளைக்குப் பிறகு உயிர் வந்தது. நான் தொட்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றேன்.

குட்டி மீன் களவாவின் வாலில் ஒரு துண்டைக் கடித்து எடுத்தது. களவா துள்ளிப்போய்க் கண்ணாடியில் மோதியது. அப்பா வலையை எடுப்பதற்குள் இன்னொரு கடி.

"இன்னாடா மீன் இது?" என்று அப்பா திரும்பினார்.

மாமா மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் மச்சான், அவசரத்துல பாக்காம புட்ச்சிட்டேன்."

அப்பா அவரை அறைந்தார்.

சாயங்காலமே மாமா நல்ல மீனைக் கொண்டுவந்து கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் களவா அதைக் கிட்டே சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தது. அப்பாவின் வேலை பிழைத்தது. ஆனால் எனக்குச் சடங்கு செய்து, தாய்மாமன் சீர் வேண்டியிருந்த நாள்வரை, மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

நல்லவேளை, மாமா வழக்கம்போல ஒரு பொய் சொல்லிவிட்டார் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதிலேயே எங்கள் வீட்டில் எல்லோரும் மறுபேச்சில்லாமல் நம்பியது அது ஒன்றைத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.