பிரேக் நல்லா புடிக்குது

எனக்குப் பயம் வந்தால் பட்டியல் போடுவேன். அம்மா அந்தக் காரை வாங்கி வந்த அன்று நான் போட்ட பட்டியலில் பதினாறு வரிகள் இருந்தன.

அது பழைய இத்தாலிய கார். அங்கே வரைந்து, பம்பாயில் செய்து, நம் ஊர்களில் ஓடியது. மாடல் எண்ணை வைத்து எல்லோரும் லெவன்-ஹண்ட்ரட் என்பார்கள். மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் தார்ப்பாய்க்கு அடியில் நின்றதை அம்மா தபால் அலுவலக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டு வருடம் பார்த்திருக்கிறாள். ஓய்வு பெற்ற மாதமே போய்க் கேட்டுவிட்டாள்.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"இதுக்கு மூஞ்சி இருக்குது கண்ணு. உன் காருக்கு நம்பர் பிளேட் மட்டுந்தான் இருக்குது."

கொள்ளேகால் பக்கத்துப் பேச்சு அம்மாவுக்கு இன்னும் போகவில்லை. எனக்கு அவளுடைய தமிழ் பாதியும் மைசூர்க் கன்னடம் பாதியுமாகத்தான் வரும்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிரேக் பாகங்களைச் சோதிக்கிறேன். எந்த ரப்பர் எந்தச் சூட்டில் கெடும், எந்த வளையம் எத்தனையாவது அழுத்தலில் கிழியும் என்பதைப் பார்ப்பதுதான் என் நாள். அதனால் மற்றவர்கள் அந்தக் காரில் அழகைப் பார்க்க, நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். முன்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம்; முன்விளிம்புதான் திறக்கும். ஓட்டத்தில் தாழ் நழுவினால் காற்றே கதவை இழுத்துத் திறந்துவிடும். சீட் பெல்ட் கிடையாது. முதல் கியர் வண்டி நின்றால்தான் விழும். நான்கு சக்கரத்து பிரேக்குக்கும் ஒரே குழாய் வழி; ஓரிடத்தில் போனால் நான்கும் போகும். இந்தக் கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

மைசூரில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கிளப்பாகக் கூடுகிறார்கள். பதினோரு வீடுகள். ஓட்டுபவர்களில் அம்மா ஒருத்திதான் பெண். அவர்கள் பேச்சைக் கேட்டால், குறை சொல்கிறார்களா கொஞ்சுகிறார்களா என்று தெரியாது. ஒருவர் வண்டி மழை வந்தால் கிளம்பாது. இன்னொருவருடையது வெயில் வந்தால் நின்றுவிடும். என்ஜினுக்குப் பக்கத்திலிருக்கும் பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த கதைபோலச் சொல்வார்கள். எல்லோரும் 'மேஷ்ட்ரு' என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், தன் வண்டியின் ஹார்ன் இடதுபக்கம் திரும்பும்போது தானாக அடிப்பதை ஆறு வருடமாகச் சரிசெய்யவில்லை. "அது அதோட மாத்து" என்பார். பேச்சு என்று அர்த்தம்.

எனக்கு இரண்டு வாரம் சென்னையில் பயிற்சி இருந்தது. போவதற்கு முன் வாராந்திரப் பராமரிப்பைத் தமிழில் அச்சடித்து ஷெட் சுவரில் ஒட்டினேன். ரேடியேட்டர் தண்ணீர், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி தண்ணீர், டயர் காற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'குறைந்தால் ஊற்றவும்' அல்லது 'குறைந்தால் அடிக்கவும்'. சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை அம்மா போன் செய்தாள்.

"நீ எழுதுனது எல்லாம் பாத்துட்டேன். பிரேக் கிண்ணத்துல கொறஞ்சிருந்துது, ஊத்திட்டேன்."

"சரிம்மா."

வெள்ளிக்கிழமை மறுபடியும்.

"கண்ணு, பிரேக் இப்ப நல்லா புடிக்குது. தொட்டா நிக்குது."

நான் சந்தோஷப்பட்டேன். விடுதி அறையில் உட்கார்ந்து, என் நோட்டில் பிரேக் என்ற வரிக்கு எதிரே டிக் போட்டேன். தொழிற்சாலையில் ஒரு சக்கரம் சுற்றாமல் இறுகினாலும் 'பிடிக்குது' என்றுதான் சொல்வோம். பிரேக் நன்றாக வேலை செய்தாலும் அதே சொல்தான். எதுவென்று கேட்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அம்மாவிடம் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்த மறுநாள் ஞாயிறு. கிளப் வண்டிகள் காலையில் சாமுண்டி மலை ஏறுவதாகத் திட்டம். அம்மா ஓட்ட, நான் பக்கத்தில். ஏறும்போதே வண்டி மூச்சு வாங்கியது. இரண்டாம் கியரிலேயே தவழ்ந்தது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வயசாச்சுல்ல, மெதுவாத்தான் ஏறும்" என்றாள் அம்மா.

மேலே வண்டிகளை வரிசையாக நிறுத்தினோம். மேஷ்ட்ரு எங்கள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சுருக்கினார். "ஏனோ சுட்ட வாசனெ பர்த்தா இதெ, மேடம்." ஏதோ கருகும் வாசனை வருகிறது என்றார்.

அம்மா நாலடி தள்ளி இருந்த தள்ளுவண்டியைக் காட்டினாள். சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மேஷ்ட்ரு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் வாங்கித் தந்த சோளத்தைத் தின்றேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புத்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

இறங்கும்போது முதல் இரண்டு வளைவுகளில் வண்டி, யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல இறங்கியது. "பாரு, எப்படிப் புடிக்குதுன்னு" என்றாள் அம்மா. மூன்றாவது வளைவுக்கு முன் அவள் பெடலை அழுத்தினாள். அது தரையைத் தொட்டது. சத்தமே இல்லை. இழுத்துக்கொண்டிருந்தது எதுவோ அதுவும் கைவிட்டுவிட்டது. வண்டி இலேசாகி ஓடத் தொடங்கியது.

"பிரேக் இல்ல கண்ணு" என்றாள். பால் இல்லை என்று சொல்லும் குரலில்.

செய்ய வேண்டியவை எனக்குத் தெரியும். பெடலைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். கியரைக் குறைக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஹார்னை விடக்கூடாது. மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஐந்தும் வரிசையாகத் தலைக்குள் நின்றன. வாய் திறக்கவில்லை. என் வலதுகால் இல்லாத ஒரு பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. கதவுத் தாழைப் பார்த்தேன். திறந்து குதிக்கலாமா என்று நினைத்தேன். அம்மாவை விட்டுவிட்டு. அந்த நினைப்பு வந்தது உண்மை.

அம்மா ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த கியரைத் தட்டி இரண்டில் போட்டாள். என்ஜின் அலறியது. வேகம் சற்றுக் குறைந்தது, போதவில்லை. எதிரே சுற்றுலாப் பேருந்து ஒன்று பாதிச் சாலைக்கு மேல் அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. இடதுபக்கம் ஓரமாக நடைப்பயிற்சிக்காரர்கள் ஐந்தாறு பேர், முதுகைக் காட்டியபடி. அம்மா ஹார்னை அழுத்தியபடியே இரண்டுக்கும் நடுவே போனாள். பேருந்து ஜன்னலில் ஒரு கை, அதில் ஒரு வாழைப்பழம்; அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

"அந்தக் குடைக் கம்பிய இழு" என்றாள்.

டாஷ்போர்டுக்கு அடியில் குடைப்பிடிபோல வளைந்திருக்கும் ஹேண்ட்பிரேக்கை அவள் அப்படித்தான் சொல்வாள். இரண்டு கையாலும் இழுத்தேன். மலைப்பக்கத்து மண் வாய்க்காலில் அவள் இடது சக்கரங்களை இறக்கினாள். என் பக்கத்துக் கதவு மண்சரிவில் உரசிக்கொண்டே போனது. செடிகள் கண்ணாடியில் அடித்தன. வண்டி ஒரு கல்லில் ஏறி, சாய்ந்து, நின்றது.

நான்கு சக்கரங்களிலிருந்தும் புகை வந்தது. பின்னால் வந்த கிளப் வண்டிகள் நின்றன. ஆட்கள் ஓடிவந்து சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். அம்மா ஸ்டியரிங்கை விடவில்லை. மேஷ்ட்ரு அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிறகு பானெட்டைத் தடவி, "வண்டி நிம்ம கை பிட்டில்ல, நோடி" என்றார். வண்டி உங்களைக் கைவிடவில்லை, பாருங்கள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் அன்புதான் இருந்தது. எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல இருந்தது.

பானெட்டைத் திறந்து பிரேக் கிண்ணத்தில் விரல் விட்டேன். பழுப்பாக வழுக்கியது. தண்ணீர் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் நீர் ஊற்றி அதில் ஒரு சொட்டு விட்டேன். பிரேக்குக்கான திரவம் தண்ணீரில் கரைந்துவிடும். இது கரையவில்லை. வட்டமாக மிதந்தது.

"அம்மா, இதுல என்ன ஊத்துன?"

"ஆயில்தான். ஷெட்டுல பெரிய டப்பால இருக்குதே."

"அது என்ஜின் ஆயில்மா."

"நீதான பிரேக் ஆயில்னு எழுதியிருக்கற? ஆயில்தான ஊத்துனேன்."

பட்டறையிலும் கடையிலும் எல்லோரும் சொல்வது அப்படித்தான். ஆனால் பிரேக்குக்கு ஊற்ற வேண்டியது எண்ணெயே இல்லை. எண்ணெய் பட்டால் பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் ஊறி வீங்கும். வீங்கியது பின்வாங்காது. பிரேக் விடாமல் பிடித்தபடியே இருக்கும், சக்கரத்துக்குள் இருக்கும் டிரம் சூடேறும், கடைசியில் குழாய்க்குள் திரவம் கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் நான்தான் சொல்லித்தருகிறேன். உரிய திரவம் இருந்த சின்னப் பாட்டில் வீட்டுக்குள் என் பையில் இருந்தது.

மற்றவர்கள் தங்கள் வண்டியில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அம்மா எல்லோரையும் கும்பிட்டாள். "நான் நடந்தே எறங்கறேனுங்க." கொஞ்ச தூரத்தில் மலைப்படிகள் சாலையைத் தொட்டன. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இருபது படி இறங்கியதும் சொன்னேன்.

"தப்பு உன்னோடது இல்லம்மா. நான் எழுதினதுதான் தப்பு."

அவள் இன்னும் நாலு படி இறங்கினாள். "அவங்ககிட்ட சொல்லிக்காத. பிரேக்குக்குன்னே படிச்சவ எழுதுனதான்னு சிரிப்பாங்க. கெழவி கண்ணு தெரியாம ஊத்திட்டாள்னு சொல்லீரு."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. சென்னை போகும் முன் அந்தத் தாளைப் படம் எடுத்து கிளப்பின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன். அழகாக இருக்கிறது, நாங்களும் ஒட்டிக்கொள்கிறோம் என்று பலர் எழுதினார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கன்னடத்திலும் ஒன்று போட்டேன். அதிலும் பிரேக் ஆயில்தான்.

படியிலேயே நின்று குழுவில் எழுதினேன். வண்டியை எடுக்காதீர்கள், பிரேக் கிண்ணத்தில் என்ன ஊற்றினீர்கள் என்று பாருங்கள், என் தாளில் தவறு இருக்கிறது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மேஷ்ட்ரு மேலே சாலையிலேயே எங்கள் வண்டிக்குக் காவலாக இருந்தார். அவர் தாளைப் படிக்கவே இல்லையாம். ஒருவர் இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை. ஒருவர் வியாழக்கிழமை ஊற்றியிருந்தார், எதை என்று தெரியவில்லை. மலைக்கு அவர் ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். பத்தாவது, எங்களுக்கு முன்னால் இறங்கிப்போன கணவன் மனைவி. பின்சீட்டில் அவர்களுடைய பேத்தி. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலியா?" என்றாள் அம்மா.

"எடுக்கல."

"மறுபடி அடி."

ஏழு முறை அடித்தேன். படியேறி வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மரங்களுக்கு இடையே கீழே சாலை ஒரு துண்டு தெரிந்தது. அம்மா அதையே பார்த்தாள். அதில் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின.

எட்டாவது முறை அந்த அம்மாள் எடுத்தாள். வழியில் டிபனுக்கு நின்றிருக்கிறார்கள்; போன் காரில் இருந்திருக்கிறது. கணவர் பானெட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். "தெளிவா, தேன் கலர்ல இருக்கு. பாட்டில்ல பிரேக் ஃப்ளூயிட்னு போட்டிருக்கு. ஏன் கேக்கற?" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்தாள். பெடல் தரையைத் தொட்டபோதும், பேருந்து உரசுவதுபோலப் போனபோதும் மாறாத அவள் முகம் அப்போது கோணியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அழாமல், போனில் இன்னும் காத்திருந்தவருக்குக் காரணத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.