கரீம் பாயின் இடதுகை

பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தால் காது வலிக்கும். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் நெஞ்சு படபடக்கும். என்னை மாதிரி டீச்சர் வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

சும்மா இருக்காத கால்

டெய்லர் கரீம் பாய் தர்மபுரியில் என் வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயசு. லேசான பக்கவாதத்தில் இடதுகை விரல்கள் மரத்துப்போயிருந்தன. கத்தரி பிடிப்பது வலதுகைதான், ஆனால் துணியை அமுக்கிப் பிடிக்க இடதுகை வேணுமே! ஒரு பேண்ட் துணி கோணலாகிவிட, மகன் சலீம் அன்றைக்கே கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டான். பியானோ பழகினால் விரலுக்குப் பயிற்சி என்று டாக்டர் சொன்னாராம். நானும் என் பங்குக்கு, "ஆறே மாசம் பாய், பழைய கை வந்துரும்" என்று அளந்துவிட்டேன்.

முதல் நாளே பெடலைத் தையல் மெஷின் மாதிரி மிதிமிதி என்று மிதித்தார். "காலை எடுங்க பாய்!" என்று கத்தினேன்.

"நாப்பது வருசமா மிதிச்ச காலுங்க டீச்சர், சும்மா இருன்னா இருக்குமா?"

நாலாவது விரல்

ஐந்து மாசம் ஆகியும் மோதிர விரல் அழுந்தவில்லை. எனக்கோ முன்கோபம். "வூட்ல கீபோர்டைத் தொட்டே பாக்கறதில்லையா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் வலதுகையால் அந்த விரலைத் தூக்கிப் பியானோ கட்டையின் மேல் வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அடுத்த மாசத்துல இருந்து கடைக்கே வராதீங்கன்னு மவன் சொல்லிட்டானுங்க, தொடாம இருப்பேனா?"

என் பட்டுத்துணி

ஆறாவது மாசம் ஐந்து விரலும் அழுந்தின. அப்படியும் கத்தரியைத் திருப்பித் தரச் சலீம் மசியவில்லை, "பாட்டு வேற, கஸ்டமர் துணி வேறங்க" என்றான். எனக்குச் சுர்ரென்று வந்தது. மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான் போட வாங்கிய பட்டு ஜாக்கெட் துணியோடு பாயையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், துணியை மேஜையில் போட்டு, "இதைப் பாய் வெட்டட்டும்!" என்றேன். சொன்ன பிறகுதான் துணியின் விலை ஞாபகம் வந்தது.

பாய் அளவெடுத்துக் கோடு போட்டு வெட்ட ஆரம்பித்தார். பாதியில் விரல் வழுக்கியது. துணி நகர்ந்தது. சலீம் கத்தரியை வாங்கக் கை நீட்டினான். "இரு" என்றார் பாய். வகுப்பில் சொல்வது போலவே "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று முணுமுணுத்தபடி விரல்களை ஒவ்வொன்றாக ஊன்றினார். அப்புறம் கத்தரி நிற்கவில்லை.

சலீம் இரண்டு தடவை டேப் வைத்துப் பார்த்தான். பிறகு அலமாரியிலிருந்து ஒரு காக்கித் துணியை எடுத்து அப்பா முன்னால் விரித்தான்.

"அத்தா, போலீஸ்காரர் துணி, பாத்து வெட்டுங்க."

வயசான காலத்தில் பியானோ கற்று என்ன லாபம் என்று இனி யாராவது கேட்டால் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எதிரே போய் நிற்பேன். கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தால் அதற்குப் பாய் பொறுப்பில்லை.