பாதிச் சம்பளக்காரன்

எங்கள் வீட்டுக் கஷ்டம் தீர்ந்த பிறகும், தீரவில்லை என்று நான் பொய் சொன்னேன். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல... நான்கு வருடம்! நம்பி ஏமாந்தவர்கள் வேறு யாருமில்லை. என் மனைவியும் என் மகளும்தான்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? மாதா கோயிலில் வருடந்தோறும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடுகிறேன். கோபப்பட்டேன், பூசைக்கு வரவில்லை என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். சாமியாருக்கு என் முகம் தெரியும். உங்களுக்குத் தெரியாது. கோழைக்கு இதுதான் வசதி.

திண்டிவனத்தில் ஒரு டைல்ஸ் கடையில் நான் விற்பனையாளன். வீடு விழுப்புரத்தில். தினமும் ரயிலில் போய் வருகிறவன். முன்பெல்லாம் என் கை ஓட்டைக் கை. சம்பளம் வாங்கிய அன்று பிரியாணிப் பொட்டலம், பத்தாம் தேதிக்குள் புதுச் செருப்பு, இருபதாம் தேதி கைமாற்று... வாங்கிய டி.வி.க்குத் தவணை முடியுமுன் அதைவிடப் பெரியதற்கு விலை கேட்டவன் நான்! என் மனைவி சகாயமேரி தடுத்தாளா? எங்கே! அவளும் என்னோடு கடை கடையாக ஏறினாள்.

கொரோனா ஊரடங்கு வந்தது. முதலாளி சம்பளத்தைப் பாதியாக்கினார். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள், எங்களுக்கு வந்தது. சகாயமேரி என்ன வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகக் கற்றாள். காலைப் பலகாரம் போய் கேப்பைக் கூழ் வந்தது. மகள் ஸ்டெல்லா பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்துப் புது நோட்டாக்கினாள். ஆறே மாதத்தில், கைமாற்று வாங்காத மாதம் ஒன்று எங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக வந்தது! அன்று மூவரும் உட்கார்ந்து சிரித்தோம். அப்போது என்னிடம் பொய் இல்லை.

ஒரு வருடம் கழித்து முதலாளி கூப்பிட்டார். "அந்தோணி, இந்த மாசத்திலேர்ந்து பழையபடி முழுசா வாங்கிக்கப்பா" என்று உறையை நீட்டினார்.

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். சொன்னால் என்ன ஆகும்? மறுபடியும் பிரியாணி, மறுபடியும் தவணை... வந்த புத்தி வந்த வழியே போய்விடாதா? இன்னும் நாலு மாதம் போகட்டும், பழக்கம் ஊறட்டும் என்று முடிவு செய்தேன். பாதியை வீட்டில் கொடுத்தேன். மீதியைத் திண்டிவனத்துத் தபால் நிலையத்தில் போட்டேன். பாஸ்புத்தகம் கடை இழுப்பறையிலேயே கிடந்தது.

நல்லெண்ணம்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் முழு உண்மை அதுவல்ல. பாதிச் சம்பளக்காரனுக்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு. "அவுரு எவ்ளோ பேஜாரு பட்டுக்கினு வர்றாரு" என்று சகாயமேரி பக்கத்து வீட்டில் சொல்லுவாள். முழுச் சம்பளம் வாங்கிய காலத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. அந்த இரக்கம் இனித்தது... வெட்கமில்லாமல் அனுபவித்தேன்!

ஸ்டெல்லா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். நர்ஸ் ஆகவேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலிருந்தே அவள் ஆசை. புதுச்சேரியில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது; எனக்குத்தான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பிக் கூடத்தில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் தாயும் மகளும் பேசுவது கேட்டது.

"அப்பாகிட்ட நர்சிங்கு சீட்டு கெடச்சதப்பத்தி சொல்லிக்கினு இருக்காதம்மா. பாதி சம்பளத்துல அவுரு எங்க போவாரு? நான் கவர்மெண்ட் காலேஜ்ல பி.காம். சேர்ந்துக்கறேன்."

"மனசாரத்தான் சொல்றியாடி?"

"ஆமாம்மா. வுடு."

முதல் வருடக் கட்டணத்துக்கு வேண்டிய பணம் என் பெயரில் இருந்தது. ஓரடி எடுத்து வைத்து, பணம் இருக்கிறதம்மா என்றால் போதும். ஆனால் ஏது என்று கேட்பார்களே! புலிவாலைப் பிடித்தவன் நிலைமை. கடன் வாங்கினேன் என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு நான் என் மகளைப் பற்றி நினைக்கவேயில்லை. அவர்கள் கண்ணில் என் மதிப்பு என்னாகும் என்று மட்டுமே நினைத்தேன். பொத்தானைப் போட்டுக்கொண்டு, "கிளம்பலாமா?" என்றேன்.

ஸ்டெல்லா பி.காம். முடித்தாள். இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். உடம்பு சரியில்லாத யாரைப் பார்த்தாலும் அவள் கை தானாக நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது... நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன். சிறுகச் சிறுகச் சேர்த்தது என்றேன். சகாயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள மாதிரி ஒரு மனுஷன் உண்டாங்க!" என்றாள்.

ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள்.

"நான் மட்டும் அன்னிக்கு நர்சிங்கு கேட்டிருந்தா நீ ஒடஞ்சி போயிருப்பப்பா. நல்லவேளை, கேக்கல."

"ஆமாம்மா" என்றேன்.