தவறணைக்குக் குடும்பமா வாங்கோ

சாப்பாடு பரிமாறுற வேலையில வயிறு ஆறுறது மற்றவைக்கு, நெஞ்சு எரியிறது எங்களுக்கு. கால் கடுக்க நிக்கிற என்ர இனத்துக்கு இதைச் சொல்லவே வேணும்?

மன்னாரில நான் வேலை செய்யிறது ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம். முந்தி சாராயம் வித்த தவறணை. இப்ப சோறும் மீன்குழம்பும் தேத்தண்ணியும்தான். எண்டாலும் ஊர்ச்சனம் பழசை விடுமோ? குடும்பமா ஒருத்தரும் படியேறாயினம். "இந்த மாதமும் ஊராக்கள் வராட்டி பூட்டிப்போடுவன்" எண்டிட்டார் முதலாளி. எங்கட வீட்டில உழைக்கிறது நான் ஒருத்தி. சரியாப் பயந்துபோனன்.

புருசனைத் தேடி வந்தவ

ஒரு மத்தியானம் எங்கட ஊர் பேசாலையில இருந்து ஒரு அக்கா புயல் மாதிரி வந்தா. அவவின்ர மனிசன் தவறணைக்குள்ள போறதை ஆரோ கண்டு சொல்லிப்போட்டினம். குடிக்கவே கூடாத தவக்காலம் வேற! மனிசன் பாவம், மூலையில இருந்து சோறு குழைச்சுக்கொண்டிருந்தார். அக்கா அவர்ர வாயை மணந்து பாத்தா, கிளாஸை மணந்து பாத்தா. பிறகு குழம்பில ஒரு விரல் தொட்டு நக்கினா. முகம் இன்னும் கறுத்துப்போச்சு.

"குடிச்சாலும் மன்னிப்பன் தங்கச்சி, என்ர குழம்பை விட்டிட்டு இஞ்ச வந்து தின்னுறாரே, இது என்ன நியாயம்?"

பழசு கேட்டவர்

கொழும்பு ஐயா ஒருத்தர் சுவரைத் தட்டித் தட்டிப் பாத்தார். ஒல்லாந்தர் இருந்த மேசையிலதான் தனக்கும் சாப்பாடு வேணுமாம். மேசை போன வருசம் செய்வித்தது எண்டன். கதிரை? அதுவும் புதுசு. "அப்ப பழசா என்னதான் இருக்கு?" எண்டு கத்தினார். குசினிக்குள்ள இருந்து எங்கட சமையல்கார அண்ணன் எட்டிப் பாத்தார்.

"நேற்றையான் மீன்குழம்பு இருக்கு ஐயா, சூடாக்கித் தரட்டோ?"

ஹாஜியார் வீட்டு விருந்து

கடைசியா ஒரு ஊர்க்குடும்பம் வந்தது. முசலிப் பக்கத்து ஹாஜியார், மகளின்ர நிச்சய விருந்துக்கு மண்டபத்தைக் கேட்டார். "தவறணையிலயோ?" எண்டு அவர்ர சொந்தபந்தம் முகம் சுழிச்சும் ஹாஜியார் அசையேல்லை. தன்ர சமையல்காரரையும் கூட்டிவந்தார். நான் விடுவனோ? மேசையில ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை, கரண்டி, முள்ளுக்கரண்டி எண்டு பளபளக்க அடுக்கிவச்சன்.

மாப்பிள்ளை வீட்டார் வாசலிலயே நிண்டிட்டினம். பாய் விரிச்சு இருந்து, நாலைஞ்சு பேர் சேர்ந்து, சஹன் எண்ட ஒரே பெரிய தட்டில சாப்பிடுறதுதான் அவையின்ர வழக்கம். மாதா கோயிலடியில வளர்ந்த பேசாலைக்காரி எனக்கு அது மண்டையில ஏறேல்லை. "சம்பந்தம் பேச வந்த எங்களை ஏன் தனித்தனியாப் பிரிக்கிறீங்க?" எண்டார் ஒரு பெரியவர். மாதாவே, வேலை போச்செண்டு கரண்டிகளை அவசரமா அள்ளினன். ஹாஜியார் பள்ளிவாசலுக்கு ஃபோன் அடிச்சார். ஓட்டோவில சஹனும் பாயும் வந்து இறங்கிச்சு. நாங்கள் மேசைகளை வெளியால தூக்கினம். பிறகு முழங்கால் முட்ட இருந்து எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டினம். எனக்கு அப்பதான் மூச்சே வந்தது. போகேக்க மாப்பிள்ளையைப் பெத்த உம்மா என்ர கையைப் பிடிச்சா.

"இளைய மகன்ட விருந்தும் இன்ஷா அல்லாஹ் இஞ்சதான் மகள், அந்த முள்ளுக்கரண்டிகளை மட்டும் எங்கயாவது ஒளிச்சு வையுங்க."

முதலாளி இப்ப பூட்டுற கதையே எடுக்கிறேல்லை, நானும் விருந்தெண்டு ஆர் வந்தாலும் மேசையைத் துடைக்க முதல் தரையைக் கூட்டிப்போட்டுத்தான் "வாங்கோ" எண்டு சொல்லுறன்.