சிவப்பில் ஒரு தவறும் இல்லை

நான் எழுதிக் கொடுத்த சான்று பொய். தெரிந்தேதான் எழுதினேன்.

எனக்கு வீடு திண்டிவனத்தில். விழுப்புரத்தில் உளவியல் ஆலோசகர் வேலை. என் மகளின் பள்ளி வேனை ஓட்டுபவர் அருள்தாஸ். ஒருநாள், ஒரு குழந்தை முழுதாக இறங்குவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். நல்லவேளை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஆள் அவசரக்காரரா என்று சோதித்துச் சொல்லும்படி பள்ளியில் அவரை என்னிடம் அனுப்பினார்கள்.

சோதனை எளிது. கணினித் திரையில் பச்சை வட்டம் வந்தால் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு வந்தால் அழுத்தக் கூடாது. பச்சையே அடுத்தடுத்து வந்து கை பழகிவிடும்... திடீரென்று சிவப்பு வரும்போதுதான் கையை அடக்க முடிகிறதா என்று தெரியும்.

அருள்தாஸ் சிவப்பில் ஒருமுறைகூட அழுத்தவில்லை. தவறு பூஜ்யம்! ஆனால் பச்சையில் பாதியைத் தவறவிட்டிருந்தார். அழுத்தியவையும் மிகத் தாமதம்.

"தப்பா அழுத்திட்டா வேலை பூடும்னு பயந்துக்கினு, பார்த்துப் பார்த்துதான் மேடம் அழுத்துனேன்" என்றார்.

கிளம்பாத வண்டியில் பிரேக்கை எப்படிச் சோதிப்பது? அந்தப் பூஜ்யம் அவர் நிதானமானவர் என்றும் சொல்லவில்லை, அவசரக்காரர் என்றும் சொல்லவில்லை. பயம் தெளியவைத்து, மறுபடி நடத்தியிருக்க வேண்டும். அப்போதும்கூட, சாலையில் எப்படி ஓட்டுவார் என்று அந்தச் சோதனை மட்டும் சொல்லிவிடாது...

எனக்குத் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. "சுயகட்டுப்பாடு மிக நன்று. வேன் ஓட்டத் தகுதியானவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரக்கமா, சோம்பலா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் உங்களிடம் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். மறுவாரமே என் மகளை அந்த வேனில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். என் மகளை மட்டும்!

"பாப்பா ஏன் மேடம் வர்றதில்ல?" தெருமுனையில் அருள்தாஸ் கேட்டார்.

"வேன்ல வந்தா வாந்தி வருதுங்க."

"மெதுவா ஓட்றேன் மேடம். அனுப்புங்க."

இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமலே போகலாம்... ஆனாலும் தினமும் காலையில் அந்த ஹாரன் கேட்டதும் வாசலுக்கு வந்து பார்க்கிறேன். என் மகள் உட்கார்ந்த ஜன்னலோர இடத்தில் இப்போது எதிர்வீட்டுச் சிறுமி போகிறாள்.

வேனில் சேர்ப்பதற்கு முன் அவள் அம்மா என்னிடம் வந்து கேட்டாள்: "நீங்கதான் டெஸ்ட் வெச்சீங்களாமே, நம்பி அனுப்பலாங்களா?"

அனுப்பலாம் என்றேன்.