பின்பாரம்

ஜெலுத்தோங் கடலோரத்து மரவாடியில் அய்யாக்கண்ணுவை எல்லாரும் டிராக்டர்காரர் என்பார்கள். உள்ளுக்குள் அவர் மாட்டுவண்டிக்காரர்தான். பினாங்குத் தெருக்களில் அரிசி மூட்டை ஏற்றி வண்டியோட்டியே மீசை நரைத்தவர். மரவாடியின் சீன முதலாளியான தவுக்கே ஒரு நாள் மாடுகளை விற்றுவிட்டு, இரும்புச் சக்கரம் போட்ட குட்டி டிராக்டர் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். மாட்டை மேய்த்தவனுக்கு இது வராதா என்று அதையும் அய்யாக்கண்ணுவின் தலையிலேயே கட்டினார். ஆள் தேர்ந்தெடுத்த லட்சணம் அவ்வளவுதான்.

பெருமரங்கள் தெப்பமாகக் கடலில் மிதந்து வரும். கரை ஒதுங்கியதும் நாகூர் மீரான் சேற்றில் இறங்கி, மரத்துக்குச் சங்கிலி மாட்டுவான். அய்யாக்கண்ணு அதை டிராக்டரால் மேட்டுக்கு இழுக்க வேண்டும். ஆனால் அந்தக் குட்டிச் சாத்தானுக்கு உடம்பில் கனம் போதவில்லை. மரம் நகராது, சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி எல்லார் மூஞ்சியிலும் அடிக்கும்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். டிராக்டரின் பின்னால் குறுக்கே ஒரு பலகையைக் கட்டி, அதில் ஆளை ஏற்றி நிறுத்துவார். ஆள் கனத்தில் சக்கரம் மண்ணைக் கவ்வும். ஏறி நிற்கிற ஆள் யார் என்றால், அவருடைய மனைவி நல்லம்மாள்தான். அதே மரவாடியில் மரப்பட்டை உரிக்கிற வேலை அவளுக்கு. நல்ல கட்டுமஸ்தான உடம்பு, அதைவிடக் கட்டுமஸ்தான வாய். புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு பலகையில் நிற்பாள். ஒரு தடவை கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தாள். எழுந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் என்ன அரிசி மூட்டையா? இனிமே ஏற மாட்டேன் லா!" என்றாள்.

அய்யாக்கண்ணுவுக்குக் கோபம். ஆனால் யோசனையும் வந்தது. காலி மண்ணெண்ணெய்த் தகரங்கள் இரண்டில் பழைய சங்கிலித் துண்டுகளைப் போட்டு, கடல்மணலும் ஜல்லியும் சிமெண்டும் குழைத்து ஊற்றினார். காய்ந்ததும் பலகையின் இரண்டு முனையிலும் தூக்கி வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

மாட்டுவண்டிக்காரனுக்கு முதல் பாடமே பாரம் ஏற்றுவதுதான். முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் தொண்டையை நெரிக்கும். அய்யாக்கண்ணு வாழ்நாளில் பின்பாரம் ஏற்றியதில்லை. ஏற்றுகிறவனைக் கண்டால் நடுத்தெருவில் நிறுத்திச் சண்டை போடுவார். அப்பேர்ப்பட்டவர் இப்போது பாரம் முழுவதையும் பின்னால் கட்டிவிட்டுச் சிரித்தார். "இதுக்கு என்ன கழுத்தா இருக்கு நெரிக்க?" என்று மீரானிடம் கேட்டார். மீரானும் சிரித்தான்.

தகரம் கட்டியதும் டிராக்டர் நன்றாகத்தான் இழுத்தது. அந்த வாரம் பெரிய மரம் ஒன்று வந்து சேற்றில் புதைந்துகொண்டது. தவுக்கே வந்து பார்த்தார். வாயிலிருந்து சுருட்டை எடுக்காமலே, "எசோக் லெம்பு மாசோக்," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். மரம் ஏறாவிட்டால் நாளைக்கு மாடுகள் வரும், வேறு வண்டிக்காரனும் கூடவே வருவான் என்று அர்த்தம். ரப்பர் விலை விழுந்து, வேலை போன தமிழர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. வேலை இல்லை என்றால் அடுத்தது கப்பல்தான். அய்யாக்கண்ணு நல்லம்மாளைக் கூப்பிட்டார்.

"இந்தா புள்ள, இந்த ஒரு தடவை நடுவுல ஏறி நில்லு. தகரமும் நீயும் சேர்ந்தா மரம் வந்துடும்."

நல்லம்மாள் ஒரு காலைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள். "ரெண்டு பக்கமும் தகரம், நடுவுல நானு. சாமி ஊர்வலமா நடக்குது? மாட்டேன்னா மாட்டேன்."

"நீ இதுல நிக்கலன்னா கப்பல்லதான் போய் நிக்கணும்!"

"நிக்கிறேன். கப்பலாவது வழுக்காது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அய்யாக்கண்ணுவுக்கு முகம் சிவந்தது. ஏறி உட்கார்ந்து, எரிச்சலோடு கிளச்சை விட்டார்.

சங்கிலி விறைத்தது. மரம் அசையவில்லை. சக்கரமும் வழுக்கவில்லை, அவ்வளவு பாரம் அதை மண்ணோடு அழுத்திப் பிடித்திருந்தது. சக்கரம் சுற்ற முடியாமல் போகவே, வண்டியே மேலே கிளம்பியது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. கண் முன்னே இருந்த மேடு மறைந்தது, மேட்டில் இருந்த தென்னைகள் மறைந்தன, வெறும் வானம் தெரிந்தது. நுகத்தடி தூக்குகிறது, நுகத்தடி தூக்குகிறது என்று அவர் மனம் அலறியது. கை சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டது. கால் தானாகக் கிளச்சை மிதித்தது. பின்னால் படாரென்று ஏதோ முறிந்தது. டிராக்டர் அப்படியே ஒரு கணம் செங்குத்தாக நின்றது. பிறகு முன்பக்கம் தரையில் வந்து விழுந்த அதிர்ச்சியில் அவருடைய பல் உதட்டைக் கிழித்தது.

மீரான் ஓடி வந்தான். "அண்ணே! உசிரோட இருக்கியா அண்ணே?"

அய்யாக்கண்ணு இறங்கிப் பின்பக்கம் போனார். பலகையின் முனைகள் சேற்றில் குத்தி நின்றதால்தான் வண்டி மல்லாந்து விழவில்லை. ஒரு தகரம் பிளந்து சிமெண்டு சிதறியிருந்தது. இன்னொன்று சேற்றுக்குள் போய்விட்டது. பலகை நட்டநடுவில் இரண்டாக ஒடிந்து, அந்த இடத்தின் மேல் டிராக்டரின் இரும்பு இறங்கியிருந்தது. நடுவில்.

நல்லம்மாளைத் தேடித் திரும்பினார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள், இடுப்பில் வைத்த கையை எடுக்காமல். அவளும் அந்த நடுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதட்டிலிருந்து ரத்தம்தான் வந்தது.

அன்று மாலை நல்லம்மாள் அந்தப் பலகையைக் கொத்தி அடுப்பில் வைத்தாள். சோறு அதில்தான் வெந்தது. அய்யாக்கண்ணு ஒரு பிடியை வாயில் வைத்தவர், குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விடிந்ததும் அவர் மறுபடி சிமெண்டு குழைத்தார். பின்பாரத்தைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே நகர்த்திக் கட்டினார். வண்டியின் முன்பக்கத்தில் அதைவிடக் கனமாக ஒன்றை மாட்டினார். மரத்தைச் சுற்றிச் சேற்றை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டு, மெல்ல இழுத்தார். வந்தது. மாடுகள் வாசல் வரை வந்து திரும்பிப் போயின. தவுக்கே முதுகில் தட்டிக் கொடுத்தார். அய்யாக்கண்ணு அதைக் கவனிக்கவே இல்லை.

பிறகு வெகுகாலம் அவர் அந்த மரவாடியில் டிராக்டர் ஓட்டினார். பின்னால் யாராவது விளையாட்டாகத் தொற்றினால் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். தவுக்கேயின் மகனாக இருந்தாலும் அப்படித்தான். மரம் இழுக்கப் போகும்போதெல்லாம் நல்லம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எதிரே தன் கண்ணில் படுகிற இடத்தில் வந்து நிற்கச் சொல்வார். அவள் வந்து நின்ற பிறகுதான் கிளச்சை விடுவார். மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நல்லம்மாள் மட்டும் சிரிக்க மாட்டாள். கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவர் காட்டுகிற இடத்தில் போய் நிற்பாள்.