ஸ்பர்ன் என்றால் உதை

அத்தையைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அப்பா வேலை பார்த்த ராஜபாளையம் நூல் மில் முதலாளிக்கு அவர்கள் நெருங்கிய சொந்தம். கல்யாணம் ஆனால் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தையோ ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்து, பி.எட். சேர இடமும் வாங்கி வைத்திருந்தாள். முதலாளி சொந்தத்திடம் மாட்டேன் என்று அப்பாவால் சொல்ல முடியுமா? அவர்களாக வேண்டாம் என்றால்தான் உண்டு. எங்கள் அத்தையைப் பார்த்துவிட்டு யார் வேண்டாம் என்பார்கள்!

வந்தார்கள், கேசரி தின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் தன் இங்கிலீஷ் மேல் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தையைப் பாடச் சொல்லாமல், கக்கத்தில் இருந்த பேப்பரை விரித்து, ‘ஸ்பர்ன்’ என்றால் என்ன என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், மறுப்பது என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

வந்தது வினை. அரைகுறை அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அத்தைக்கு ஏலாது.

“இல்ல மாமா, மறுக்கதுக்கு வேற வார்த்தை இருக்கு. இது காலால எத்தித் தள்ளுதது. ஆதியில வெறும் எத்து மட்டுந்தான், பொறவுதான் எளக்காரம் வந்து சேந்துச்சு.”

குதிரை ஓட்டுகிறவர்கள் குதிகாலில் மாட்டும் ‘ஸ்பர்’ என்ற முள்ளுக்கும் இந்த வார்த்தைக்கும் ஒரே வேர் என்றாள். அதோடு விட்டாளா? சேலைக் கரையைச் சற்றே தூக்கி, ஒரு எத்து எத்தியே காட்டினாள். பாதம் நேரே பெரியப்பாவைப் பார்த்து நின்றது. மனுஷர் பதறி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

மறுவாரம் தரகர் வந்தார். “பெரிய மனுசருக்கே காலக் காட்டுத பொண்ணு சரிப்படாதுன்னுட்டாவ” என்றார். அவர் தெருமுனை திரும்பும் வரை அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! அம்மா வாய்விட்டே அப்பாடா என்றாள்.

நான் மட்டும் ஓவென்று அழுதேன். “அத்தைய எத்திட்டாவளே!”

“ஏட்டி, எதுக்கு அழுத?” என்று என்னை அள்ளிக்கொண்ட அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவளுக்கென்ன பைத்தியமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டுக்கு வாய் கிடையாது, அத்தையின் கால்தான் அதைச் சொன்னது என்பதெல்லாம் எட்டு வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?